இசக்கிசெல்வி சொன்ன சாட்சி

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். சொன்னவர் விசாரணைக் கமிஷன் முன்னால் போய் நின்றவராக இருக்க முடியாது. இசக்கிசெல்வியின் மடியில் ஒரு நாளும் கனம் இருந்ததில்லை. பயம் மட்டும் முப்பது வருஷமாகக் குறையாமல் இருந்தது.

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு விருந்தினர் மாளிகையில் அவளுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. ஒரு காலையில் சாயா ஃபிளாஸ்கோடு போய் அறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் மந்திரி ஒருவர், பக்கத்தில் ஒரு பெண். திறந்த வேகத்தில் சாத்திவிட்டு வந்துவிட்டாள். நாலு மாதம் கழித்து விஷயம் பத்திரிகையில் வந்து நாறியது, கமிஷன் வைத்தார்கள். இருவரையும் ஒன்றாகக் கண்ட ஒரே சாட்சி இவள்தான். நீதிபதி மலையாளத்தில் என்ன கண்டாய் என்று கேட்க, பயத்தில் இவளுக்கு வள்ளியூர்த் தமிழ்தான் வாயில் வந்தது.

"சம்சாரம்னு நெனச்சேன் சார். கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

நமக்குச் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. மலையாளத்தில் அது பேச்சு. இருவரும் பேசிக்கொண்டிருந்ததாகச் சாட்சி நினைத்தாள் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். மந்திரியின் வக்கீல் எழுந்து, போதும் என்றார். போதும் என்று விட்டுவிட்டார்கள். படிக்கத் தெரியாத இசக்கிசெல்வி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள்.

மந்திரி தப்பினார். பணம் வாங்கிக்கொண்டு பாண்டிக்காரி, அதாவது தமிழ்நாட்டுக்காரி, மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று ஊர் பேசியது. அவள் எடுத்துச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாலை பஜார்க் கடைகளில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் வேல்சாமி மட்டும், "பணம் வாங்கியிருந்தா நான் எதுக்குடே இன்னும் மூட்டை தூக்குதேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், அந்தக் கேள்வியோடேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே அவர்கள் கரமனைக்கு வீடு மாற்றி, கதையைப் பழைய தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மகன் ஷிபு கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஷிஜாவுக்கு ஒன்றும் தெரியாது. நெடுமங்காட்டுப் பெண், அம்மே அம்மே என்று மாமியார் மேல் உயிரை வைத்திருந்தாள். அந்த அம்மே என்ற குரல் மாறிவிடுமோ என்பதுதான் இசக்கிசெல்வியின் ஒரே பயம்.

இப்போது அந்த வழக்கைச் சினிமாவாக எடுத்துவிட்டார்கள். ஷிஜா மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து சொன்னாள். இசக்கிசெல்வி முட்டுவலி என்று சொல்லிப் பார்த்தாள். ஷிஜா தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டு, ஆட்டோவையும் கூப்பிட்டுவிட்டாள்.

திரையில் பழைய அம்பாசிடர் கார்கள் வந்தன. அப்புறம் அவளே வந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். அவள் ஆயுளில் அப்படிப் பொட்டு வைத்ததில்லை. கமிஷனில் அந்த நடிகை அதே வார்த்தையைச் சொன்னாள். அடுத்த காட்சியில் ஒரு கவரை வாங்கி இடுப்பில் செருகினாள். தியேட்டரே கூவியது. முன்வரிசையில் ஒருவர், "பாண்டிச்சி காசு மேடிச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், காசு வாங்கிவிட்டாளாம். இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷிஜா அவள் பக்கம் சாய்ந்தாள். "அம்மே, இவங்களுக்குத் தமிழே அறியாது கேட்டியளா. அந்த அக்கா சம்சாரம்னு சொன்னது பாரியா, பெண்டாட்டின்னுல்லா? கல்யாணம் கழிஞ்ச புதுசுல ஒரு பாட்டி எங்கிட்ட, நீ ஷிபுவுக்க சம்சாரமான்னு கேட்டா. அல்ல, எனக்கு சம்சாரம் குறவு, பேச்சு கம்மின்னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சு ஒரு வழியாயிட்டாங்க."

நீதிபதிக்கும் வக்கீலுக்கும் பத்திரிகைக்காரனுக்கும் எட்டாதது இந்தப் பெண்ணுக்கு ஒரு நொடியில் எட்டிவிட்டது. இசக்கிசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடைவேளையில் விளக்கு போட்டதும் சொல்லிவிட்டாள். "மக்ளே, அது நான்தான்."

ஷிஜா அவள் முகத்தைப் பார்த்தாள். குனிந்து முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டி, "சேட்டா, அவர் காசு மேடிச்சிட்டில்ல. பாரியயாணென்னு விசாரிச்சு, அத்ரேயுள்ளு" என்றாள். காசு வாங்கவில்லை, பெண்டாட்டி என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அவர் திரும்பி, அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"இது என்டெ அம்மாயியம்மயாணு" என்று, தன் மாமியார் இசக்கிசெல்வியின் கையைப் பிடித்துக் காட்டினாள் ஷிஜா.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கிசெல்வி தலையைக் குனியவில்லை.