யார் வரவில்லை?

குளச்சலில் மீன் விற்கும் விக்டோரியாவுக்கு ஒரு கோளாறு உண்டு. நாலு பேர் கூடி எதைத் தொடங்கினாலும், "ஆரு வரல்ல?" என்று கேட்டுவிடுவாள். மகளிர் குழுக் கூட்டமானாலும் சரி, வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் வேனானாலும் சரி. ஒருமுறை வேன் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

பழியெல்லாம் பாலர் சபைக்குத்தான். சின்ன வயதில் ஞாயிறுதோறும் மாதா கோவில் முற்றத்தில் பிள்ளைகள் கூடுவார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வராத பிள்ளையின் வீட்டுக்கு மொத்தக் கூட்டமும் பாட்டுப் பாடிக்கொண்டே போகும். பிள்ளை வெளியே வராவிட்டால் அன்றைய செபம் அந்த வாசலிலேயே நடக்கும். நல்ல பாவாடை இல்லையென்று விக்டோரியா ஒரு ஞாயிறு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். இடுக்கு வழியாகப் பார்த்தால், அத்தனை பேரும் அவளுக்காக மணலில் முட்டி போட்டிருக்கிறார்கள்! அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

போன மாதம் மகள் லிஜாவுக்கு நிச்சயம். முட்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, காப்பியும் குடித்தாயிற்று. மோதிரத் தட்டை எடுக்கப் போன விக்டோரியா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வாய் சும்மா இருக்குமா?

"ஆரு வரல்ல?"

சொந்தக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வராதவர் பக்கத்து வீட்டு சூசை, அவளுடைய சொந்த அண்ணன். பொதுச் சுவரில் அவள் சன்னல் வைத்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நிச்சயத்துக்கு அழைக்கக்கூட அவள் போகவில்லை. கணவன் மரியஜானைத்தான் அனுப்பினாள்.

"அம்மா, இண்ணைக்காவது சும்மா இரி. அவங்க எழும்பிப் போயிட்டா என் கெதி என்ன?" லிஜா பல்லைக் கடித்தாள்.

விக்டோரியாவுக்கும் பயம்தான். மாப்பிள்ளையின் அப்பா ஞானதாசன் வேறு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"கசேரய எடுங்க மக்கா, அண்ணன் வாசலுக்கு!"

என்ன கூத்து இது என்று முணுமுணுத்தபடி ஞானதாசனும் எழுந்து, நாற்காலியோடு வந்தார். சூசை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"ஏட்டி, ஒனக்கு வெக்கமில்லியா? ஒன் வீட்டு விசேசத்த இஞ்ச எதுக்குக் கொண்டுவாற?" உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"தப்பு எனக்கதாக்கும் அண்ணே. நான் வந்து ஒன்ன விளிச்சிருக்கணும்." விக்டோரியா கதவை ஒட்டி நின்றாள். "நீ வெளிய வரண்டாம், உள்ளயே இரி. நாங்க வாசல்ல வச்சு முடிச்சிட்டுப் போறோம்."

மரியஜான் செபத்தைத் தொடங்கினான். பாதியில் தாழ்ப்பாள் விலகியது. சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாக மாட்டியபடி சூசை வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தாய்மாமன்தானே வாக்குச் சொல்லணும். சொல்லுங்க," என்றார் ஞானதாசன்.

"நான் தோள்ல தூக்கி வளத்த பிள்ளையாக்கும்," என்று தொடங்கினார் சூசை. "நல்லா..." அதற்கு மேல் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அந்த முரட்டு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"மாமா!" என்று லிஜா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயத்தன்று எடுத்த படத்தில் அவள் கண்மையெல்லாம் கலைந்த முகத்தோடு, அந்தக் கையை விடாமல்தான் நிற்கிறாள்.