ஹெட்போனில் முந்திய குரல்

இதில் ஒரு வரிகூடக் கட்டிச் சொன்னதில்லை. நடந்தது மந்தைவெளியில், 1997 மார்ச் மாதம், நல்ல பட்டப்பகலில். ஹம்சினி இன்றும் காதில் ஹெட்போன் மாட்டுவதில்லை.

பார்வையில்லாத கல்லூரி மாணவன் வடிவேலுவுக்கு அவள் வரலாற்றுப் பாடங்களை வாசித்து கேசட்டில் பதிந்து கொடுத்துவந்தாள். ஒரு வார்த்தை தடுமாறினாலும் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி வாசிக்க வேண்டும். தேர்வுக்கோ பன்னிரண்டே நாள். அதனால்தான் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே குரலைப் பதிய சவுண்ட் கார்டு போடச் சொன்னாள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து வந்து பொருத்தியவர் இனாயத். "தப்பாப் படிச்சா அந்த எடத்தை மட்டும் வெட்டிக்கலாம் மேடம். கேசட் இரைச்சல் இருக்காது. ஆனா டப்பாக்குள்ள ஃபேன் ஓடுதுல்ல, அந்த சத்தம் கொஞ்சம் கீது. மைக்கைத் தள்ளி வெச்சுக்கோங்க."

மதியம் இரண்டு மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். கணவன் ஸ்ரீநாத் கிண்டி அலுவலகத்தில் இருப்பான். ஹம்சினி கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். அவள் குரல் ஹெட்போனில் அவளுக்கே ஒரு நொடி பிந்திக் கேட்டது. கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்தத் தாமதம் குறைந்தது. ஐந்தாம் நாள் சுத்தமாக இல்லை. வாயும் காதும் ஒன்றாக ஓடின. அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை. மணி 2.50.

"பாளையக்காரர்கள்..." என்றது ஹெட்போன்.

அவள் இன்னும் அந்த வார்த்தைக்கு வரவில்லை.

கண் அடுத்த வரிக்கு ஓடியது. அங்கே அதுதான் இருந்தது. ஏதோ பிரமை என்று மேலே வாசித்தாள். குரல் ஒரு வரி முந்தியது. பிறகு ஒரு பத்தி. அவள் குரல்தான்... அதே மூச்சு, அதே இழுப்பு.

3.04. ஹெட்போனில் ஓர் இருமல்.

3.05. ஹம்சினிக்குத் தொண்டை கமறியது. இருமினாள்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே போய்... நடு வாக்கியத்தில் நின்றது.

ஹெட்போனில் நாற்காலி தரையில் உரசியது.

"யாரு?"

அவள் குரல். நடுங்கும் குரல்.

"யாரு நீங்க? எப்படி உள்ள வந்தேள்?"

தொம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். 3.06. இருமல் வர ஒரு நிமிடம் ஆயிற்று. அப்படியானால் இது...

சமையலறையில் டம்ளர் உருண்டது.

ஓடினாள்.

வாசல் கதவை வெளியே தாழிட்டு, வெறுங்காலோடு எதிர் மருந்துக்கடைக்குப் போய் போன் செய்தாள். "ஏன்னா, ஆத்துல யாரோ இருக்கா. உடனே வாங்கோ."

ஸ்ரீநாத் வரும்வரை அவள் அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் வெளியே வரவில்லை. 4.10-க்கு இருவரும் உள்ளே போனார்கள். பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே. ஆள் இல்லை. தரையில் டம்ளர் மட்டும்.

கம்ப்யூட்டர் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. ஸ்ரீநாத் அதை நிறுத்தி, போட்டுக் கேட்டான். டம்ளர் உருள்கிறது. ஹம்சினி ஓடுகிறாள். கதவு அறைகிறது. பிறகு நாற்பது விநாடி ஃபேன் இரைச்சல்.

பதிவில் யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

பக்கம் புரண்டது.

"கெளம்பு" என்றான் ஸ்ரீநாத்.

மீதிப் பாடத்தை அவள் மயிலாப்பூரில் அக்கா ஜானகி வீட்டில், பழைய டேப் ரெக்கார்டரில் வாசித்து முடித்தாள். வடிவேலு பாஸாகிவிட்டான்.

கார்டைக் கழற்ற இனாயத் வந்தார். அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லவில்லை. "ரெக்கார்ட் பண்றச்சே என் குரல் ஹெட்போன்ல லேட்டா கேட்டுண்டே இருந்தது" என்றாள்.

ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"இன்னா மேடம் சொல்றீங்க? இது பழைய மாடலு. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும். ரெக்கார்ட் ஓடிக்கினு இருந்தா ஹெட்போன்ல ஒண்ணும் வராது."

"மொத நாள்லேர்ந்தே கேட்டுதே..."

அவர் தலையை ஆட்டினார்.

"கேக்க வழியே இல்ல மேடம்."