கும்மிடிப்பூண்டிக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன்

போன மாதம் ஒரு புதன்கிழமை வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும், அங்கிருந்து எளாவூருக்கும் போய் வந்தேன். கோயில் பார்க்கவோ கடல் பார்க்கவோ இல்லை. என் பேத்தி ரூபிக்கு வந்திருந்த ஒரு வரனைப் பற்றி விசாரிக்கப் போனேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சொந்தமாகக் கம்பெனி தொடங்குவது இப்போது அதிகமாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு மாப்பிள்ளை வரலாம். அன்றைக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். ஒவ்வொரு எழுத்தாகப் போனில் தட்டுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வந்துவிடுகிறது. இந்த வயதில் இதைவிட சந்தோஷம் எனக்கு வேறு இல்லை.

மாப்பிள்ளை விசாரிப்பது எங்கள் குடும்பத்தில் என்னுடைய வேலை. ஆரணி அரிசி மில்லில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே செய்கிறேன். பையன் தொழிற்சாலையில் வேலை என்றால் கேட்டுக்கு வெளியே அரை நாள் நின்றால் போதும். சம்பளம், குடி, கடன் எல்லாம் தெரிந்துவிடும். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டால் மீதியும் தெரியும்.

இந்தப் பையன் ஸ்டீபன் விஷயத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. அவனுக்கு மேலே சூப்பர்வைசர் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. கேட்டால் ஃபவுண்டர் என்கிறான். லாரித் தொழில் என்கிறான், சொந்தமாக ஒரு லாரி கிடையாது. லாரி இல்லாமல் லாரித் தொழில் செய்கிறவனை நான் இதுவரை புரோக்கர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ரூபியோடு செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் அண்ணன் அவன். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில்தான் ரூபி அவனை முதலில் பார்த்தாளாம்.

ஒரகடத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் இன்னொரு வரனும் கையில் இருந்தது. என் மகளுக்கு அதில்தான் மனம். ஆனாலும் அவள் நியாயமானவள். "நீ போய்ப் பார்த்துட்டு வா நைனா. நீ சரின்னா ஞாயித்துக்கெழம ஸ்டீபன் ஊட்டுக்காரங்கள வரச் சொல்றேன். வேணாம்னா இன்னிக்கே சொல்லிடலாம்" என்றாள். ரூபி காலை ஷிஃப்டில் இருந்தாள். அவள் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். அதனால் இரண்டரை மணிக்குப் பிறகுதான் அவளிடம் பேச முடியும்.

வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் ரயில் இல்லை. காலை ஆறு மணி வாக்கில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். போக வர ஒரே டிக்கெட், நாற்பது ரூபாய். மாறுகிற இடத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் தாண்டும்வரை ஜன்னலோரம் வேண்டாம், கண் எரியும். மீஞ்சூரிலிருந்து நன்றாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வண்டி நிற்பதற்குள் படித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். கவரைப்பேட்டையில் மட்டும் தோற்றேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். ஸ்டீபன் கொடுத்திருந்த விலாசம் மூடிக்கிடக்கும் ஓர் இரும்பு ஆலையின் பழைய கேன்டீன். வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். அந்த ஒரே கதவில் ஏழு கம்பெனிப் பெயர்கள் இருந்தன. நின்று ஏழையும் படித்தேன். ஸ்டீபன் கம்பெனி கடைசியில் இருந்தது. மற்றவை பலகையில் இருக்க, இது காகிதத்தில் அச்சடித்து டேப் போட்டு ஒட்டியது. ஒரு கதவுக்கு ஏழு கம்பெனி என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரே ஹாலுதான் பெர்சு. ஆளுக்கு ரெண்டு மேஜை."

"இதுல மொதலாளிங்க எத்தினி பேரு?"

"உள்ள கீறவங்க எல்லாமே மொதலாளிதான். வேலைக்காரன்னு பார்த்தா நான் ஒருத்தன்தான்."

"இந்தக் காயிதம் ஒட்டின கம்பெனி?"

"அது பரவால்ல, ரெண்டு வருசமா அதே பேருலதான் கீது. பக்கத்துல பாரு, மூணு தபா பேர மாத்திட்டாங்க. மொதல்ல எறா வளக்குற குட்டைக்கு மிசினு, அப்பால ஆட்டோ பேட்டரி, இப்போ இன்னாவோ தண்ணி டெஸ்ட்டு. கேட்டா கத்துக்கினு கீறோம்ன்றாங்க."

எங்கள் காலத்தில் அடிக்கடி பெயரை மாற்றியவர்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடுகிறவர்கள். ஸ்டீபன் உள்ளே இருக்கிறானா என்று நான் கேட்கவில்லை. விசாரிக்கப் போகிறவன் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மரியாதையாகப் பேசி மயக்கிவிடுவான்.

எதிரே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார அம்மாவிடம் மெல்ல ஸ்டீபன் பெயரை எடுத்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயுமா? அதோ அந்த சாரும் காத்தாலேர்ந்து அவனப் பத்தித்தான் கேட்டுக்கினு கீறாரு. அப்படி இன்னாதான் பண்ணான் அந்தப் புள்ள?"

பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான ஷூ. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இன்னொரு பெண் வீட்டுக்காரர்! நம்மைவிட வசதியானவர்கள். பையன் இரண்டு பக்கமும் பேச்சு வைத்திருக்கிறான். கோபம் வந்தது. அவரும் என்னைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஸ்டீபன் உங்களுக்கு ஏதாவது பணம் தரணுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க பொண்ணுக்கு இன்னா வேணும்? மாமாவா?"

"எந்தப் பொண்ணுக்கு?"

கடைக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகுதான் விவரம் தெரிந்தது. அவர் பெயர் முரளி. சென்னையில் ஒரு கம்பெனி இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளில் பணம் போடுகிறதாம். போடும் முன்பு ஃபவுண்டர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க ஆள் அனுப்புகிறார்கள். அந்த ஆள் இவர். நான் செய்கிற வேலைக்குச் சம்பளம் கொடுக்கிற இடமும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "கல்யாணமா? எப்போ?" என்றார். எதற்கு இவருக்கு அது? எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது.

ஸ்டீபன் தொழில் என்ன என்பதை முரளிதான் எனக்கு விளங்கும்படி சொன்னார். சரக்கு ஏற்ற வருகிற லாரிகள் சிப்காட் கம்பெனிகளின் கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில், சில சமயம் நாள் முழுதும், வரிசையில் நிற்கும். மூட்டை தூக்கியவன் ஆனதால் அந்த வரிசை எனக்கும் தெரியும். எப்போது கேட்டுக்கு வந்தால் போதும் என்று ஸ்டீபனின் ஆப், டிரைவருடைய போனுக்குச் சொல்லும். அதுவரை அவர் லாரிகள் நிறுத்துகிற எளாவூரில் குளித்து, சாப்பிட்டு, தூங்கலாம். காசு கொடுப்பது கம்பெனிகள்.

அப்படியென்றால் விசாரிக்க வேண்டிய இடம் எளாவூர். இருவருக்கும் ஒரே யோசனைதான். அவர் வாடகைக் காரில் கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர் காரில் சும்மா ஏறும் பழக்கம் எனக்கு இல்லை. பஸ்ஸுக்கு ஆகும் பதினைந்து ரூபாயை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். "பெர்சு, பில்லு வோணுமா?" என்று டிரைவர் கேலி செய்தார். ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். கொல்கத்தா சாலை நல்ல சாலை, ஆனால் லாரிகளுக்கு நடுவில் நம் உயிர் நம் கையில் இல்லை.

செக்போஸ்ட் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முரளி கேட்டபோது ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான் மில்லில் மூட்டை தூக்கியவன் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அந்தப் பையனா? மொதல்ல போலீசு ஆளுன்னு நெனச்சோம் நைனா. வெயில்ல கேட்டாண்ட நின்னுக்கினு, எப்ப வந்த, எப்ப போவன்னு கேட்டுக்கினே இருப்பான். ஒருத்தரும் பேசமாட்டோம்."

"இப்போ அந்த ஆப்பு சரியா சொல்லுதா?" என்றார் முரளி.

"எங்க? நாலுக்கு ஒண்ணு தப்புதான். பேஜாரு. ஆனா தப்பாச்சுன்னா போன் போடுவோம், எடுத்துருவான். எப்போ போட்டாலும் எடுப்பான். அவன் தங்கச்சி கல்யாணத்துலயே எடுத்தான்னா பாரேன்! பேண்டு சத்தம் கேக்குது. வையிடா நைனா, அப்பால பேசலாம்னு நான் சொல்றேன். இல்லண்ணே, எந்த கேட்டு சொல்லுன்றான்."

முரளி முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ வேறு கவலை. தங்கை கல்யாணத்தில் போனை வைக்காதவன் தன் கல்யாணத்தில் வைப்பானா? பிள்ளை பிறக்கும்போது வைப்பானா?

"இந்த மாதிரி ஒருத்தரத்தான் நாங்க தேடிட்டு இருக்கோம்" என்றார் முரளி.

"இந்த மாதிரி ஒருத்தனா இருக்கக் கூடாதேன்னுதான் நான் வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. கல்யாணத்த ஒரு ரெண்டு வருஷம் தள்ளி வைக்க முடியுமா?"

பார்த்தீர்களா? டீக்கடையில் நான் நினைத்தது தப்பே இல்லை. இவரும் அதே மாப்பிள்ளைக்குப் போட்டியாக வந்தவர்தான்.

நெல்லூர்க்காரரின் லாரிக் கண்ணாடியில் ஸ்டீபனின் நம்பர் ஒட்டியிருந்தது. விசாரிப்பு முறையை மீறி அந்த நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே, எந்த கேட்டு?"

"லாரி இல்லப்பா. நான் ரூபியோட தாத்தா. எளாவூர்ல கீறேன்."

"தாத்தா... இன்னொரு லைன்ல ஒரு டிரைவரு வெயில்ல நிக்கிறாரு. அவர அனுப்பிட்டு நானே கூப்புடறேன்" என்றான். வைத்துவிட்டான்.

நெல்லூர்க்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னா நைனா, பொண்ணு ஊடுன்னாலும் வரிசையில நில்லு!"

முரளி கிளம்பத் தயாரானார். பணம் போடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. "உங்க டப்புல மொதல் வேலையா போன் எடுக்க இன்னொரு ஆளப் போடச் சொல்லுங்க. ஒரே ஆளு எல்லா போனையும் எடுத்தா அந்தக் கம்பெனி ஒரு ஜொரத்துல படுத்துரும்" என்றேன். பெண் வீட்டுக்காரனாகத்தான் சொன்னேன். அவர் அதை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

நான் முட்டை தோசை சாப்பிட்டு, டீ குடித்து முடித்த பிறகு ஸ்டீபன் கூப்பிட்டான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஒன் கல்யாணத்தன்னிக்கு இந்த போன யாருப்பா எடுப்பா?"

யோசித்தான். "தெரியல தாத்தா. இப்போதைக்கு வேற ஆளு இல்ல. நான்தான் எடுப்பேன்னு நெனைக்கிறேன்."

"ஒரு பேச்சுக்காவது எடுக்கமாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க எளாவூர்ல நின்னுக்கினு கேக்குறீங்க. நான் பொய் சொன்னா பக்கத்துல கீற டிரைவரே சொல்லிருவாரு."

இரண்டரை தாண்டி ரூபியைப் போனில் பிடித்தேன். கல்யாணத்தில் போன் எடுத்த கதையைப் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன்.

"தெரியும் தாத்தா. நான் அங்கதான இருந்தேன். ஒரு கையில பந்தி பரிமாறிக்கினு, ஒரு கையில போன் வெச்சுக்கினு இருந்தாரு."

"தெரிஞ்சுமா சரின்ற?"

"அம்மா நெஞ்சு வலின்னு உழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு எத்தினி தபா போன் வந்துச்சு? எல்லாம் லாக்கர்ல அடிச்சு அடிச்சு அடங்கிப் போச்சு. ஷிஃப்டு முடிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியும். ஊட்ல ஒருத்தராவது போன் எடுக்குற ஆளா இருக்கட்டும் தாத்தா."

மகளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் என்றேன். மனம் முழுதாகத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இனி, விசாரிக்கப் போகிறவர்களுக்கு. எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ் அடிக்கடி உண்டு, ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மத்தியான வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், சிப்காட்டில் நிழல் குறைவு. கதவில் எத்தனை பெயர் இருந்தாலும் பயப்படாதீர்கள், ஆனால் ஒவ்வொன்றையும் படியுங்கள். கம்பெனிக்குள்ளே கேட்காதீர்கள், அந்தக் கம்பெனியால் வேலை நடக்கிற அல்லது கெடுகிற ஆளைத் தேடிப் போங்கள். அதே ஆளைப் பற்றி விசாரிக்க வேறு யாராவது வந்திருந்தால் அவரோடு சேர்ந்து போங்கள். நமக்குக் கெட்டதாகத் தெரிவது அவருக்கு ஏன் நல்லதாகத் தெரிகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ரூபி காபி கொண்டுவந்து ஸ்டீபன் முன்னால் வைத்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவன் தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். "எந்த கேட்டுண்ணே?" என்ற குரல் கேட்டது. அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என் மகள் என்னை முறைத்தாள்.

ரூபி எழுந்து சமையலறைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு சின்னத் தட்டோடு திரும்பி வந்து, காபி ஆறாமல் அவன் டம்ளரை மூடி வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

என் விசாரிப்பு அதோடு முடிந்தது.