குங்குமம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி

பழைய ஸ்பீக்கர் நல்லதா, புதுசு நல்லதா என்று யாராவது கேட்டால் இப்போதும் எரிச்சல் வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் போட்டி என் வீட்டிலேயே நடந்தது. நானே நடத்தினேன், நானே கெடுத்தேன்.

மைசூரில் ஒரே அறை உள்ள ஓட்டு வீடு. நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சல், அப்புறம் பஸ்ஸில் நின்றபடி பயணம். வந்ததும் அரை மணி நேரம் பாட்டு கேட்பேன். அதற்கு இரண்டு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், இடுப்பு உயரம். யாரோ பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியவை. அந்த அறையில் எனக்கென்று இருந்தவை அவை மட்டும்தான்.

மகளுக்கு மேஜை போட இடமில்லை என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நியாயம்தான். அவள் தம்பி பிஸ்கட் டின் அளவு ஸ்பீக்கர்களோடு ஒரு புது செட் கொண்டுவந்தான். இரண்டையும் போட்டுக் கேட்போம், தோற்றது வெளியே போகட்டும் என்றேன். அவ்வளவு திமிர்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பூஜைக்காக ஒயரைக் கழற்றி, ஒரு பெட்டியை நானும் இன்னொன்றை மனைவியும் துடைத்து, முன்னும் பின்னும் குங்குமப் பொட்டு வைத்திருந்தோம். சைக்கிள், மிக்ஸி, எதையும் விடவில்லை. பெட்டியின் பின்னால் ஒயர் மாட்டும் இரண்டு திருகுகளில் எது பிளஸ் என்று தெரிய எப்போதோ சிவப்புப் பெயிண்ட் வைத்திருந்தேன். சிவப்பைப் பார்த்து மாட்டினேன்.

புதுசு கணீரென்று பாடியது. பழையதில் தாளமே எழவில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

"மாமா, இது செத்துப் போச்சு," என்றான் மச்சினன். "இத்தன வருஷம் இதையா கேட்டீங்க? ஃபேக்டரில காதும் போயிருச்சோ என்னமோ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது உறைத்தது. மறுநாளே பெட்டிகளை அடுத்த தெரு டீக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அங்கே டீ குடிக்கப் போனேன். தபேலா நெஞ்சில் வந்து தட்டியது. குரல் நேர் எதிரே நின்றது. என் பெட்டிகள்தான்.

கடைக்காரர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். "ஒரு பொட்டியில குங்குமத்த பிளஸ்ஸுன்னு நெனச்சு மாட்டிப் போட்டீங்களாட்ட இருக்குதுங்க," என்றார். "நானும் மொதல்ல அப்படித்தான் மாட்டுனேன். தொடச்சுப் பாத்தா பக்கத்துத் திருகுலதான் பெயிண்ட்டு துளி ஒட்டியிருந்துச்சு."

ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளியபோது மற்றது பின்னே இழுத்து, தாளத்தை அழித்திருக்கிறது. காதில் குறையில்லை. பெட்டியிலும் குறையில்லை. குனிந்து பார்க்கத்தான் எனக்கு முதுகு வளையவில்லை.

வீட்டில் சொன்னேன். மகள் புது மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சரி, போய்த் தூக்கிட்டு வாங்க," என்றாள் மனைவி. "எங்க வைப்பீங்க?"

அன்றிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, அந்தக் கடையில் நின்று, வேண்டாத டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.