மல்லாட்டை மணலில் வளைத்த கூண்டு

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கல்யாணம் என்றால் அந்தத் தம்பதி தனித்தனியாகத்தான் வருவார்கள். கணவர் தன்னுடைய பழைய ராணுவ ஜீப்பில், மனைவி பின்னால் பஸ்ஸில். மண்டபத்து வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பார். அந்த அக்கா இறங்கி நடந்து வந்ததும், ஒன்றாகவே வந்தவர்களைப் போல இருவரும் உள்ளே நுழைவார்கள். ஊர் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் அந்த ஜீப் என் பட்டறைக்கே வந்து நின்றது. அதற்கு நான் போட்ட இரும்புக் கூண்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். செய்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

அவர் கிளியனூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர். மலைப் பாதையில் ஒருமுறை அவர் ஓட்டிய ஜீப் கவிழ்ந்து தோள் எலும்பும் தாடையும் உடைந்தன. தந்தி வந்தபோது அதைப் பிரிக்கப் பயந்து, பொழுது சாயும் வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அந்த அக்கா. அப்படிப்பட்டவரிடம் போய், அதே மாதிரி ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்?

"உன்ன கவுத்த வண்டிய நீயே காசு குடுத்து வாங்கினு வந்துட்டியா? நீ ஓட்டிக்கோ. நான் அதுல கால் வைக்கமாட்டேன்" என்று அன்றே சொல்லிவிட்டாராம். அது தொண்ணூற்று மூன்றில். சொன்ன சொல்லை அவர் வருடக்கணக்கில் காப்பாற்றினார்.

நான் பாண்டி ரோட்டில் வெல்டிங் பட்டறை திறந்ததும் அதே காலத்தில்தான். ஐ.டி.ஐ. வெல்டர் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பட்டறை வாசலில் வந்து நின்று "ஓனர் இல்லையா?" என்று என்னிடமே கேட்டவர்களை மேலும் கீழும் பார்த்து அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெல்டிங் பக்கம் வரமாட்டார், பெயிண்ட் அடிப்பார். கேட், ஜன்னல் கிரில், தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட், மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் என்று எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சுனாமிக்கு அப்புறம் மரக்காணம் பக்கம் நிறைய வேலை செய்தோம். அதெல்லாம் ஓய்ந்த ஒரு கோடையில்தான் மிலிட்டரிக்காரர் வந்தார்.

"தங்கச்சி, அவ ஒரு வழியா ஒரு வார்த்த சொல்லிக்கிறா. தல மேல இரும்பு இருந்தா ஏறுறேன்னு. யாரும் செய்யமாட்டாங்கன்னு நெனச்சிக்கினு சொன்னாளோ என்னவோ. நீ செய்வியா?"

பந்தய வண்டிகளில் ரோல் கேஜ் என்று ஒன்று போடுவார்கள். வண்டி கவிழ்ந்தாலும் அந்தக் கூண்டு நசுங்காமல் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் என்று பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டினார். படத்தை வாங்கிப் பார்த்தேன். "செய்யறேன்ணா" என்றேன். அதுவரை அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதலில் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். கை பழக்கம் விடுமா? வரைந்து முடித்துப் பார்த்தால் அது ஒரு ஜன்னல் கிரில். நடுவில் தாமரைப் பூ வேறு. மிலிட்டரிக்காரர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எல்லாஞ் சரி, உள்ள போனவன் எப்படி வெளிய வர்றது?" என்றார். தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தியது. கேட்டுக்கு மூலை வந்தால் குழாயை அறுத்து, சாய்த்து, வெல்டிங்கில் பற்ற வைப்போம். காற்று மட்டும் மோதும் கேட்டுக்கு அது போதும். கவிழ்கிற வண்டியில் முதல் அடி மூலையில்தான் விழும். அங்கே ஒட்டு இருக்கக் கூடாது. ஒரே குழாயை வளைத்தாக வேண்டும். விழுப்புரத்து இரும்புக் கடையில் தேடி, தடித்த குழாயாக எடுத்து வந்தோம். அவ்வளவு தடித்ததை வளைக்கும் இயந்திரம் எங்களிடம் கிடையாது. சும்மா சூடாக்கி வளைத்தால் வளைவில் ஒடுங்கிப்போகும். உள்ளே மணலை அடைத்து, இரண்டு வாயிலும் மர ஆப்பு அடித்து, பிறகு சூடாக்கி வளைத்தால் ஒடுங்காது. இது எனக்குத் தெரியும்.

மணல் பட்டறை வாசலிலேயே கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கட்டடத்துக்குக் கொட்டியது. மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அடைத்து, ஆப்பு அடித்து, கேஸ் பற்ற வைத்துச் சூடு காட்டினேன். குழாய் சிவக்க ஆரம்பித்ததுதான் தாமதம், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே ஒளிந்திருந்த ஈரம் ஆவியாகி ஆப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டது. ஆப்பு நேராகப் போய் என் வீட்டுக்காரரின் பெயிண்ட் டப்பாவில் விழுந்தது. ஜீப்புக்கென்று கலக்கி வைத்திருந்த ராணுவப் பச்சை முழுக்க அவர் மேல். "என்னையும் மிலிட்டரில சேத்துட்டியா?" என்றார். சிரிப்பை அடக்க நான் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். மிலிட்டரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வேணாம் தங்கச்சி, பேஜாரு. அவ பஸ்லயே வரட்டும், வுட்டுடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நான் தொட்ட வேலையை விடச் சொல்ல இவர் யார்?

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் மயிலம் போகிற வழியில் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க இறங்கினோம். ரோட்டோரம் ஒருவர் இரும்புச் சட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்துக்கொண்டிருந்தார். சட்டி நிறைய மணல். கருத்து, நைசாக, பொலபொலவென்று. மாதக்கணக்கில் நெருப்பின் மேலேயே கிடந்த மணல். அதில் ஈரம் எங்கிருந்து வரும்? டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"மல்லாட்ட வோணாம், மணல் குடுங்க" என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மணல நீ எடுத்துக்கினு போயிட்டா நான் எதுல வறுக்குறது? உன் தலையிலயா?" என்று கேட்டார். புது மணல் கொண்டுவந்து தருகிறேன், சட்டியில் அது பழகும் வரை எங்கள் பட்டறைக்கே தினமும் மல்லாட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவர் பழசு என்று ஒதுக்கி வைத்திருந்த மூட்டையும் சேர்ந்து கிடைத்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் சட்னியும் மல்லாட்டைதான், குழம்பும் மல்லாட்டைதான்.

இந்த முறை ஆப்பு அசையவில்லை. சிவந்த குழாய் நான் இழுத்த இழுப்புக்கு வந்தது. ஆறிய பிறகு வளைவைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நெளிவு இல்லை. மணலைக் கொட்டியபோது உள்ளிருந்து வறுத்த மல்லாட்டை வாசனை வந்தது. எத்தனையோ கேட் செய்திருக்கிறேன், ஒன்றைக் கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாப்பிடப் போகாமல் அந்தக் குழாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூண்டின் கால்களை ஜீப்பின் தரைத் தகட்டில் நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தகடு அப்பளம். கால்கள் அதைத் துளைத்துக்கொண்டு கீழே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வரை போக வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைக்க மிலிட்டரிக்காரர் சம்மதிக்கவில்லை. "பட்டாளத்து இரும்பு, சூடு காட்டாத" என்றார். கடைசியில் தடித்த பிளேட் வைத்து, போல்ட் போட்டு முறுக்கினோம். இருக்கைகளுக்கு பெல்ட்டும் மாட்டினோம். என் வீட்டுக்காரர் பச்சையைப் புதிதாகக் கலக்கி அடித்தார்.

அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கூண்டைச் சுற்றி வந்தார். புடவைத் தலைப்பால் குழாயைத் துடைத்தார், தட்டினார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கவுத்துக் காட்டு. அப்பறம் ஏறுறேன்" என்றார்.

மிலிட்டரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காட்டறேன்கா" என்றேன்.

அவர்கள் ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. கரைச் சரிவில் ஜீப்பைக் குறுக்காக நிறுத்தினோம். பெட்ரோலை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, முன் கண்ணாடியை பானெட் மேல் மடக்கிப் படுக்க வைத்துக் கட்டினார் மிலிட்டரிக்காரர். அக்கா வீட்டிலிருந்து ஒரு மண்பானை கொண்டுவந்திருந்தார். அதைத் தன் இருக்கையில் வைத்து பெல்ட்டால் கட்டினார். "இது உடையாம வந்தா நானும் உடையமாட்டேன்" என்றார். ஏரிக்குள் நின்ற டிராக்டர் கயிற்றை இழுத்தது. ஜீப் சாய்ந்து, புரண்டு, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்க விழுந்தது. கூண்டு அசையவில்லை. ஆனால் பானை பெல்ட்டிலிருந்து நழுவி மணலில் உடைந்து கிடந்தது.

"நான் பஸ்லயே வர்றேன்" என்று அக்கா திரும்பி நடந்தார். மிலிட்டரிக்காரர் அவரைக் கூப்பிடவே இல்லை. உடைந்த ஓடுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. "பானைக்குக் கை இல்லகா, புடிச்சிக்க. எனக்கு இருக்குது. நிமித்துங்க வண்டிய" என்றேன். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். "நான் ஒக்கார்றேன், நீ வா" என்றார். "பெயிண்ட்டுக்கா டெஸ்ட்டு? நான் பத்த வெச்சத நான்தான் பாக்கணும்" என்று, எதற்கும் இருக்கட்டும் என அவர் கையோடு கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். வண்டியை நிமிர்த்தி, கரைக்கு இழுத்து, மறுபடி நிறுத்தினார்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டி, மாதாவைக் கும்பிட்டு, இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கயிறு இறுகியது. கரை, வானம், மணல். பிறகு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் மண். என் தலைக்கும் தரைக்கும் நடுவில் என் குழாய் இருந்தது. அப்படித் தொங்கிக்கொண்டே அதன் வளைவைப் பார்த்தேன். மயிரிழை கூட விரியவில்லை.

முதலில் ஓடி வந்தது அக்காதான். பெல்ட்டை அவிழ்த்து, என்னை வெளியே இழுத்து, தோளையும் தாடையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கே தொடுகிறார் என்பது எனக்கும் புரிந்தது, ஓரமாக நின்ற மிலிட்டரிக்காரருக்கும் புரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப்பை நிமிர்த்தி, பேட்டரியை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, முக்கி முனகி ஸ்டார்ட் செய்தபோது பொழுது இறங்கிவிட்டது. வண்டி கரும்புகையாகக் கக்கிவிட்டு ஓடியது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி முன்னால் உட்கார்ந்தார். "வூட்டாண்ட நிறுத்து, கற்பூரம் எடுத்துக்கினு அப்பிடியே திருவக்கரை அம்மன் கோயிலுக்கு உடு. வேண்டிக்கினு ரொம்ப வருசமாவுது" என்றார். மிலிட்டரிக்காரர் எங்களைப் பார்த்தார். எங்களை அழைத்து வந்ததே அந்த ஜீப்தான். "போங்கண்ணா, ஜல்தி போங்க, மனசு மாறிடப் போவுது" என்றேன்.

நாங்கள் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினோம். தலையெல்லாம் மண்ணோடு ஏறியவளைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஹாரன் சத்தம். பச்சை ஜீப் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. அக்கா பஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய ஒரு கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தலைக்கு மேலே, குழாயின் வளைவைப் பிடித்திருந்தது.