படங்களின் கழுத்தில் பிளாஸ்திரி

பார்சல் லேபுக்குத்தான் வந்தது. முசரவாக்கத்தில் எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தால், கூரியர்காரர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போன் செய்வார். அந்த நேரத்தில் நான் காஞ்சிபுரத்தில் யாருடைய கையிலாவது ஊசி வைத்திருப்பேன். அதனால் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முகவரியைக் கொடுத்தேன். அதுதான் தப்பாகிப் போயிற்று. நான் உள்ளே இருந்தபோது என் சீனியர் அதை வாங்கிப் பிரித்துவிட்டார்.

"டெஸ்ட் கிட்டு வந்திருக்குதுன்னு பிரிச்சா, பேய் புக்கு," என்று மேசைமேல் தள்ளினார். "இத்தினி கனமா இருக்குதே, இதுக்கு மேல உக்காந்து படிப்பியா?"

என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். லேப் திறந்த நாளிலிருந்து இருப்பவர். வீட்டில் எல்லோரும் பட்டு நெய்ய, தான் ஒருத்தி மட்டும் படித்து வேலைக்கு வந்ததை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நான்கு வருடங்களில் அந்தச் சொல்லை நான் பிரியமாகச் சொன்ன ஒரு நாள்கூட நினைவில் இல்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது. கிராமத்திலிருந்து வந்தவள், வேகமாக ரத்தம் எடுக்கிறாள், லேபை நடத்தும் டாக்டர் நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார் என்று அவரிடம் காரணங்கள் இருந்தன.

அந்தப் புத்தகம், ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவைப் பற்றிய பழைய ஆங்கிலக் கதை. டிப்ளமோ படித்தபோது அதை யாரோ சுருக்கி எழுதிய தமிழ்ப் புத்தகத்தில் வாசித்திருந்தேன். இது முழுக்கதை. பக்கத்தின் நடுவில் கதையும், இரண்டு ஓரங்களிலும் பொடி எழுத்தில் சிவப்பு நிறக் குறிப்புகளும் இருந்தன. வழுவழுப்பான தாள். கோட்டைகள், கல்லறைகள், பழைய ரயில் வண்டிகள், அந்தக் காலத்துக் கண்ணாடி ஊசிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம்.

என் ஆங்கிலம் அதற்குப் போதாது. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் தறிக்கும் வேலைக்கும் போக அவசரப்படுவார்கள். அந்தக் கூட்டம் வடிய பத்தரை மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு ரத்தத்தைப் பிரிக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன்.

கதையில் நோயாளிப் பெண் ஒருத்திக்கு ஆண்கள் மாறி மாறி ரத்தம் கொடுக்கிறார்கள். யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்று யாரும் பார்க்கவில்லை. ஓரக் குறிப்பில், அந்தக் காலத்தில் ரத்தப் பிரிவுகளையே கண்டுபிடித்திருக்கவில்லை என்று போட்டிருந்தது. தினமும் கண்ணாடித் தகட்டில் மூன்று துளி வைத்துப் பிரிவு பார்க்கிறவள் நான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் சீனியரிடமே சொன்னேன்.

"அக்கா, இந்தப் பொண்ணு ரத்தம் போனதால சாகலன்னு நெனைக்கிறேன். இவங்க ஏத்தனதுலதான் செத்திருப்பா."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதைல வர்றவளுக்கு நீ க்ரூப்பிங் பண்ணிக்கினு இருக்கியா? ஒம்போது டியூப் லேபிள் ஒட்டாம கெடக்குது, போ."

அவரிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் ஆசையாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

குறிப்பு எழுதிய மனிதர் மீதும் எனக்குக் கோபம் இருந்தது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த ரயில் அந்த நேரத்துக்கு அங்கே போயிருக்காது, இந்தத் தேதி தப்பு, இந்த ஆள் பொய் சொல்கிறான் என்று கதையோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். நூறு பக்கத்துக்கு அப்பால் யார் சாகப் போகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட்டார். ஒரு நாள் காகிதம் ஒன்றை மடித்து அந்த ஓரத்தை மறைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு பக்கம்தான். விளங்காமல் மறுபடி அவரிடமே போக வேண்டியிருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு தவறு செய்தேன். புத்தகத்தை விரித்தபடியே வைத்துவிட்டு ரிப்போர்ட் எடுக்கப் போனேன். அம்மாவோடு வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் அதை எட்டிப் பார்த்திருக்கிறாள். படத்தில் ஒருவன் பெண்ணின் கழுத்தில் குனிந்திருப்பான். ஊசியைப் பார்த்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டு அழுதாள். மாட்டேன் என்று பிடிவாதமாக வெளியே போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனார்.

"பார்த்தியா," என்றார் சீனியர்.

மறுநாள் புத்தகத்தைத் திறந்தேன். கழுத்து தெரிகிற படங்களில் எல்லாம், நாங்கள் ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. துண்டு துண்டாக வெட்டி, மேலே விரலால் நன்றாகத் தேய்த்து ஒட்டப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு படங்கள். ஒன்றைப் பிரித்தேன். தாளின் மேல்தோல் பிளாஸ்திரியோடு உரிந்து வந்தது. படத்திலிருந்த பெண்ணின் முகமும் சேர்ந்து வந்தது.

"இத யாரு பண்ணது?"

"நான்தான். ஜனங்க வந்து போற எடம் இது. உனக்குப் பேய் பாக்கணும்னா வூட்ல பாரு."

"என் பொருள தொடாதீங்க."

"உன் பொருள என் டேபிள்ள வைக்காத."

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே வைத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகத் தேடித் தேடி ஒட்டியிருக்கிறார்.

சீனியருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கண்ணாடி போட மாட்டார். நரம்பு கிடைக்காத கைகள் வந்தால், "இத நீ பாரு" என்று எதுவும் இல்லாததுபோல் ஊசியை என்னிடம் தள்ளுவார். நானும் எடுத்துக் கொடுப்பேன். டாக்டருக்கு இது தெரியாது.

பிளாஸ்திரி ஒட்டிய மூன்றாம் நாள், ஐயம்பேட்டையிலிருந்து சர்க்கரை பார்க்க ஒரு வயதான அம்மா மகனோடு வந்தார். மெலிந்த கை. பார்த்ததுமே தெரிந்தது, மேலே ஒரு நரம்பும் இல்லை. விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். சீனியர் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை.

"இத நீ பாரு," என்றார்.

"லேபிள் ஒட்டிக்கினு இருக்கேன்க்கா," என்றேன். லேபிள் எதுவும் என் கையில் இல்லை.

இரண்டாவது குத்தில் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவதில் உள்ளே ரத்தம் கட்டி, தோலுக்கடியில் ஊதாவாகப் பரவுவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எத்தினி வாட்டிபா குத்துவீங்க," என்று மகன் எழுந்தார். "எங்கம்மா கை இன்னா தலகாணியா?"

சத்தம் கேட்டு டாக்டர் உள்ளறையிலிருந்து வந்தார். சீனியர் என்னைக் கையால் காட்டினார்.

"கூப்ட்டும் வரல சார். பேய் புக்க படிச்சிக்கினு உக்காந்திருக்குது."

அது உண்மை. நான் பதிலுக்கு, அவருக்குக் கண் தெரியவில்லை, ஒரு வருடமாக நான்தான் எடுக்கிறேன் என்று நோயாளிகள் முன்னாலேயே சொன்னேன். அதுவும் உண்மை. அவர் முகம் வெளுத்தது. காத்திருந்தவர்களில் இரண்டு பேர் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. மற்றக் கையில் தானே ரத்தம் எடுத்தார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். மதியம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க கண்ணாடி போடற வரைக்கும் ஊசியைத் தொடக் கூடாது," என்றார் சீனியரிடம். பிறகு என்னிடம், "அந்தம்மாவுக்கு வலிக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்திருந்தே. அவங்களுக்காவது பார்வை இல்லை," என்றார்.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு மாற்றினார். விடிந்ததும் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த அம்மாவின் வீடும் என் வழியில்தான் இருக்கிறது. கை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மீதிக் கதையை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் படித்து முடித்தேன். அவ்வளவு பேரை அலைய விட்ட பிரபு நான்கைந்து வரிகளில் செத்துப்போகிறான். குறிப்புக்காரர் அங்கேயும் விடவில்லை. கதையிலேயே முன்னால் சொன்ன முறைப்படி கொல்லவில்லை, அதனால் அவன் உண்மையில் செத்தானா என்பது சந்தேகம் என்று எழுதியிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டேன்.

சீனியர் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். தினமும் ஒன்பது மணிக்கு நான் டியூப்களைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைப்பேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி லேபிளைப் படிப்பார். போன வாரம் ஒன்றைத் திருப்பித் தள்ளினார்.

"வயசு எழுதல."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் படியிறங்கி, அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்தேன்.