முளைவிட்ட மூட்டைகள்

இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்துவிட்டால், மறுநாள் ஒரு புளித்த, சூடான வாடை வரும். சென்னையில் என் அடுக்களையில் அது எழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எனக்கு அது சீவலப்பேரியில் அண்ணன் வீட்டுக் கூடத்தின் வாடை.

என் கவிதைப் புத்தகங்கள் எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் வந்தன. வருஷத்துக்கு இரண்டு தடவை போவேன். ஊரை ஒட்டி ஓடும் ஆறு எழுத ஏதாவது கொடுக்கும். வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவேன்.

சில வருஷத்துக்கு முன், ஆற்று வெள்ளம் வடிந்த வாரம், ஓடிய முதல் பஸ்ஸில் போனேன். உதவிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு. கூடத்தில் விதைநெல் மூட்டைகள் நனைந்து கிடந்தன. அண்ணன் ஒன்றைப் பிரித்தான். ஊசிமுனை அளவுக்கு வெள்ளை முளை.

"தப்பிச்சிட்டு லே. எப்படியும் முளைகட்டித்தான விதைக்கப்போறோம். நான் நாத்தங்கால்ல மணல அள்ளுதேன். நீ எல்லாத்தையும் பிரிச்சு மச்சுல பரத்திரு. கட்டுல கெடந்தா சூட்டுல வேர் பின்னிக்கிடும், பாத்துக்கோ."

மதினி பிறந்த வீட்டுச் சேற்றை அள்ளப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மூட்டைக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி கொதித்தது. அப்படியே உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். வயல் வீட்டுக்குள் வந்து முளைத்தது என்று ஒரு வரி. அதன் பின்னால் இன்னொன்று. இருட்டும்வரை எழுதினேன். களைத்து வந்த அண்ணன் சாப்பிடாமலே சாய்ந்துவிட்டான். காலையில் பார்த்தால், நெல் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. பிய்த்தால் முளை அறுந்தது. அண்ணன் மூட்டைகளை இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தான். வேறு விதை இல்லாமல் அந்தப் பிசானப் போகத்துக்கு வயல் தரிசு.

அந்த வரியைத்தான் இன்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கோ ஆற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அந்தச் சூடு விரலில் ஏறுகிறது.

போன மாதம் போயிருந்தேன். அண்ணன் இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடை வாட்ச்மேன். காலை பஸ்ஸுக்கே போய்விட்டான். வழக்கமாக மதினி வாசலிலேயே ஆரம்பிப்பாள்: "வாங்க கவிராயரே, ஆத்துல தண்ணி மிச்சமிருக்கா, எல்லாத்தையும் எழுதித் தீத்துட்டியளா?" அன்று அந்த வரி வந்த என் புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"படிச்சேன். அழுகையே வந்துட்டு. ஆனா உங்க அண்ணன் பரத்தச் சொன்னது மட்டும் இதுல இல்லியே?"

"அது வந்து மதினி…"

"எடம் பத்தலயோ?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"போயிட்டு வாரேன் மதினி."

எப்போதும் "சரி, வாங்க" என்பாள்.

"வந்து என்ன செய்யப் போறிய?"